முனை மழுங்கிய கரணை

குடை சாருக்கு அந்தப் பெயர் வரக் காரணம் குடைகள்தான். ஆனால் அவரிடம் சொந்தமாக ஒரு குடைகூட இருந்ததில்லை. பேருந்து நிலையத்தில் 'தொலைந்தவை, கிடைத்தவை' என்று பலகை தொங்கிய கவுன்ட்டரில் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்திருந்தார். மனிதர்கள் பேருந்தில் எதை மறக்கிறார்களோ இல்லையோ, குடையை மறந்துவிடுவார்கள். அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த இரும்பு அலமாரியில் எப்போதும் நாற்பது, ஐம்பது குடைகள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும். மழை பிடித்துக்கொண்டால் அவற்றில் ஒன்றைக்கூடத் தொடாமல் சொட்டச் சொட்ட நனைந்துகொண்டு வீட்டுக்குப் போவார்.

"ஒண்ணை எடுத்துட்டுப் போங்க சார், நாளைக்கு வச்சுட்டா யாருக்குத் தெரியப்போகுது?" என்பார்கள் டிரைவர்கள்.

"நாளைக்கு வைக்கும்போது அது நனைஞ்ச குடையா இருக்குமே. வந்தப்ப காஞ்சுல்ல இருந்துச்சு" என்பார்.

அந்தக் கவுன்ட்டருக்குப் பல விதிகள் உண்டு. அவருக்கு ஒன்றுதான்: ஒரு பொருள் எந்த நிலையில் வந்ததோ அதே நிலையில் உரியவர் கைக்குப் போக வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சீட்டு. அந்தச் சீட்டில் 'சேதம்' என்று ஒரு கட்டம். முப்பத்தொரு வருஷமும் அதில் 'இல்லை' என்றோ, 'வரும்போதே உண்டு' என்றோ எழுதினார். மூன்றாவதாக ஒன்றை எழுத அவசியமே வரவில்லை.

ஓய்வு பெற்ற நாளில் சால்வை போட்டு, கைகுலுக்கி, ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்து அனுப்பினார்கள். இனி நேரம் பார்க்க வேண்டிய அவசியமில்லாத ஆளுக்கு ஏன் கடிகாரம் கொடுக்கிறார்கள் என்று அவர் யாரையும் கேட்கவில்லை.

வீட்டில் கேட்பதற்கும் ஆள் இல்லை. மனைவி மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். பிரசவத்துக்கு ஒத்தாசையாக மூன்று மாதம் என்று போனவள். அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் சமாதானம் ஆகவாவது ஒரு வழி இருந்திருக்கும். மகள் வீட்டில் ஒரு அறை குறைச்சல், மாப்பிள்ளைக்கு வேலை அதிகம், குழந்தைக்குப் பாட்டி இல்லாமல் தூக்கம் வராது. எல்லாம் நியாயமான காரணங்கள். நியாயமான காரணங்களிடம் யார் மல்லுக்கட்டுவது? தினமும் சாயங்காலம் போன் வரும்.

"ஏங்க, சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு."

"மாத்திரை?"

"ஆச்சு."

"சரி, வச்சிடவா?"

மூன்றே கேள்வி. மூன்றாவதும் கேள்விதானா என்று அவருக்கு வெகுநாளாகச் சந்தேகம்.

'அப்பா வீட்டுக்குள்ளேயே அடைஞ்சு கிடக்கிறார்' என்று மகள் கவலைப்பட்டதில் மாப்பிள்ளை ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கி அனுப்பினார். நீளமான கம்பி, மேலே கைப்பிடி, கீழே தட்டுப்போல ஒரு வளையம். மண்ணுக்குமேல் அதை வீசிக்கொண்டே நடந்தால், கீழே உலோகம் கிடக்கும் இடத்தில் 'பீங்' என்று கத்தும். காதில் மாட்டிக்கொள்ள ஹெட்போனும் உண்டு. பெட்டியில் எல்லாம் இருந்தது, தோண்டுவதற்குத்தான் ஒன்றும் இல்லை. இங்கே ஏதோ இருக்கிறது என்று சொல்வதோடு மெஷினின் கடமை முடிந்துவிடுகிறது. எடுப்பது உன் பாடு.

குடை சாருக்கு மெஷின் பிடித்துப்போயிற்று. புதையல் ஆசையெல்லாம் அவருக்கு இல்லை. யாரோ எதையோ தொலைத்திருப்பார்கள், அது தன் கைக்கு வரும், சீட்டு எழுதலாம், ஒரு நாள் உரியவர் வாசலில் வந்து நிற்பார். இவ்வளவுதான் கணக்கு. கவுன்ட்டர் போனால் என்ன, தொலைப்பதை ஜனங்கள் நிறுத்திவிடவா போகிறார்கள்?

தெருமுனைப் பூங்காவின் காவலாளி ஒரே நிபந்தனையோடு அனுமதி கொடுத்தான். "குழி தோண்டினா மூடிடணும் சார். மூடின இடம் எனக்கே தெரியக்கூடாது."

முதல் நாள் சமையலறைக் கரண்டியோடு போனார். பூங்கா மண் நாலு பக்கமும் மிதிபட்டு இறுகிப்போன மண். இரண்டே குத்தில் கரண்டி கழுத்தை வளைத்துக்கொண்டு கேள்விக்குறியாகிவிட்டது. அன்றே பெரிய தெருவில் இருந்த இரும்புக் கடைக்குப் போய்க் கொத்தனார் பூசும் கரணை ஒன்றை வாங்கினார். அரசிலை மாதிரி அகலமாகத் தொடங்கி ஊசி மாதிரி முடிகிற முனை.

"எதுக்கு சார்?" என்றாள் கடைக்காரம்மா. மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பவள். சாமானைப் பார்க்கும்போது அதை மாட்டுவாள், ஆளைப் பார்க்கும்போது கழற்றிவிடுவாள்.

"சின்ன வேலைக்குத்தான்" என்றார். விவரம் சொல்ல வெட்கம்.

மறுநாள் காலை, ஊஞ்சல்களுக்குப் பக்கத்துப் புல்லில் மெஷின் 'பீங்' என்றது. குடை சார் குறுக்கே ஒருமுறை, நெடுக்கே ஒருமுறை வீசிப் பார்த்து, இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் புள்ளியைக் கண்டுபிடித்து, அந்தப் புள்ளியில் ஒரு புல்லைக் கிள்ளி அடையாளம் வைத்தார். பிறகு கரணையை நட்டுக்குத்தலாக, அந்தப் புள்ளியிலேயே, உடம்பின் எடையெல்லாம் கொடுத்து இறக்கினார். அக்கறை இல்லாத ஆளாக இருந்தால் எங்கோ தள்ளிக் குத்தியிருப்பான், ஒன்றும் ஆகியிருக்காது. இவர் துல்லியமான ஆள். துல்லியம்தான் காலை வாரிவிட்டது.

மேலே வந்தது ஒரு நாயின் கழுத்து வில்லை. அலுமினியம், வட்டம், சிவப்புச் சாயம். ஒரு பக்கம் நாய்க் காலடி பொறித்திருந்தது. மறுபக்கம் ஒரு போன் நம்பர். பத்து எண்ணில் எட்டு தெளிவாக இருந்தன. கடைசி இரண்டு இருக்கவேண்டிய இடத்தில் கரணையின் முனை உழுதுகொண்டு போயிருந்தது. வெட்டு புத்தம்புதிதாகப் பளபளத்தது. பழைய சேதம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை.

குழியை மூடி, புல்லை ஒட்டி, வீட்டுக்கு வந்து சீட்டு எழுதினார். 'பொருள்: உலோக வில்லை ஒன்று. கிடைத்த இடம்: பூங்கா, ஊஞ்சல் அருகில். சேதம்: உண்டு. சேதப்படுத்தியவர்:' என்று ஒரு கட்டத்தைத் தானே சேர்த்து, 'பெற்றுக்கொண்டவர்', அதாவது தானே, என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அன்று சாயங்காலம் மனைவி "சாப்பிட்டீங்களா?" என்றபோது "இல்லை" என்றார். வாய் தவறி உண்மை வந்துவிட்டது.

ராத்திரி படுத்துக்கொண்டு கணக்குப் போட்டதில் ஒரு வெளிச்சம் கிடைத்தது. இரண்டு எண்தானே போச்சு? பூஜ்யம் பூஜ்யத்தில் தொடங்கித் தொண்ணூற்றொன்பது வரை நூறு நம்பர். அதில் ஒன்று உரியவர். ஒரு நாளைக்குப் பத்து என்றால் பத்தே நாள். காலை பத்து மணிக்கு மேல், யார் வீட்டிலும் அவசரம் இல்லாத நேரமாகப் பார்த்து, மேஜையில் வில்லையை வைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"வணக்கம். நீங்க நாய் வளர்க்கிறீங்களா?"

"லோன் எல்லாம் வேண்டாம்" என்று ஒருவர் வைத்துவிட்டார்.

"எதுக்குக் கேக்குறீங்க? எங்க நாய் யாரையும் கடிக்கல. கடிச்சதுன்னு சொன்னவங்கதான் பொய் சொல்றாங்க" என்று ஒருவர் வழக்குக்கே தயாராக இருந்தார். அவர் நாய்க்கு வில்லை கழுத்திலேயே இருந்தது.

ஒரு பெண் குரல், "நாய் தொலையல. வீட்டுக்காரர்தான் ரெண்டு நாளா ஆளைக் காணோம். அதையும் தேடித் தருவீங்களா?" என்றது. குடை சார் பழக்கதோஷத்தில் அடையாளம் கேட்டுவிட்டார். அவள் சிரித்த சிரிப்பு போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் அறையில் இருந்தது.

பதினேழில் முடிகிற நம்பரில் ஒரு கிழவர் எடுத்தார். நாய் இல்லை, பூனை இல்லை, யாருமே இல்லை. ஆனால் வில்லை எப்படி இருக்கிறது, எவ்வளவு ஆழத்தில் கிடந்தது, மண் என்ன நிறம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நாற்பது நிமிஷம் போனது. கடைசியில், "ஆளு கிடைச்சா எனக்கும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க சார். இல்லன்னா மனசு அடிச்சுக்கிட்டே இருக்கும்" என்றார். குடை சார் பட்டியலில் பதினேழுக்கு நேராக, 'இல்லை. ஆனால் தெரிவிக்க வேண்டும்' என்று குறித்தார்.

பத்து போன் முடிந்ததும் இரும்புக் கடைக்குப் போவார். இனி எதையும் வெட்டாத கரணை ஒன்று வேண்டும். முதல் நாளே வில்லையை மேஜைமேல் வைத்து நடந்ததைச் சொல்லிவிட்டார். கடைக்காரம்மா கண்ணாடியை மாட்டி வில்லையைப் பார்த்தாள், கழற்றி அவரைப் பார்த்தாள்.

"கொலைக் கேஸ் மாதிரில்ல முகத்தை வச்சிருக்கீங்க! சரி, உக்காருங்க."

கடை வாசலில் ஒரு வாளி நிறைய மண்ணை அடைத்து வைத்தாள். நாலைந்து வாஷர்களுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்துக் காயவைத்தாள். அவள் ஒரு வாஷரை மண்ணில் புதைப்பாள். அவர் கரணையால் எடுக்க வேண்டும். பெயின்டில் ஒரு கீறல் விழுந்தாலும் அந்தக் கரணை தள்ளுபடி.

தோட்டத்துக்கு விற்கும் பச்சைக் கரணை பார்க்க லட்சணமாக இருந்தது. மூன்றாவது குத்தில் கழுத்து திரும்பிவிட்டது.

"கழுத்து ஒட்டு வச்சது சார். தனியாத் தட்டி ஒட்டினது எதுவும் நெம்பினா தாங்காது."

களை எடுக்கும் கத்தி ஒன்று வந்தது. நீளம், ஒடிசல், மண்ணில் வழுக்கிக்கொண்டு இறங்கியது. வாஷரிலும் அப்படியே இறங்கியது.

"இது உங்க வில்லையை இன்னும் அழகா வெட்டும்" என்று அவளே அதைப் பிடுங்கி உள்ளே போட்டாள்.

பிளாஸ்டிக் கரணை ஒன்றை அவர் ஆசையோடு எடுத்தார். காரணம் இருந்தது. அதற்கு முந்தின நாள் கொத்தனார் கரணையை முன்பக்கம் இடுப்பில் செருகிக்கொண்டு பூங்காவில் நடந்தபோது, மெஷின் எங்கே வீசினாலும் கத்தியது. பெரிய புதையல் போலிருக்கிறது, பூங்கா முழுக்கப் பரவியிருக்கிறது என்று ஒரு மணி நேரம் சுற்றினார். காவலாளிதான், "சார், நீங்க நடந்தா கத்துது, நின்னா நிக்குது" என்று கண்டுபிடித்துச் சொன்னான். குனிந்து வீசி நடக்கிறபோதெல்லாம் வளையத்துக்குப் பக்கத்தில் வந்து கத்தவைத்தது தன் இடுப்புக் கரணைதான் என்று அப்புறம்தான் புரிந்தது. இதைக் கேட்டுக் கடைக்காரம்மா கல்லாப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

பிளாஸ்டிக்கைப் பார்த்து மெஷின் கத்தவில்லைதான். ஆனால் அது வாளி மண்ணிலேயே விரல் அளவுக்குமேல் இறங்க மறுத்தது. மண்ணில் இறங்குவது மெஷினுக்கு ஆகாது, மெஷினுக்கு ஆனது மண்ணில் இறங்காது.

"இத்தனை கேள்வி எங்க வீட்டுக்காரர்கிட்ட நான் கேட்டிருந்தா எனக்குக் கல்யாணமே ஆகியிருக்காது" என்றாள் நாலாம் நாள். பிறகு குரலை இறக்கி, "சார், ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. தப்பு கரணை மேல இல்ல. கை மேல. மெஷின் காட்டுற இடத்துல குத்தாதீங்க. ஒரு சாண் தள்ளிச் சுத்திவர வெட்டுங்க. மண்ணைக் கட்டியாப் பேத்து எடுத்துப் பக்கத்துல வச்சு, உதிர்த்துப் பாருங்க. அப்போ எந்தக் கரணையா இருந்தாலும் சரிதான்."

"தெரியும்மா" என்றார் குடை சார். "ஆனா கை என்னிக்காவது மறுபடி தப்புப் பண்ணும். அன்னிக்கு மன்னிக்கிற கரணையா ஒண்ணு வேணும்."

அவள் மேஜைக்கு அடியில் குனிந்து தேடினாள். அப்புறம் ஒரு தடித்த புத்தகத்தை எடுத்துப் புரட்டி ஒரு படத்தைக் காட்டினாள். கைப்பிடியிலிருந்து முனைவரை ஒரே இரும்பு, ஒட்டே கிடையாது. மூன்று விரல் அகலம். வேர் அறுக்க ஒரு ஓரத்தில் மட்டும் பல். முனை, நாக்கு நுனி மாதிரி வளைந்து மழுங்கியிருந்தது. செருகிக்கொள்ள ஒரு தோலுறை.

"வரவழைக்கிறேன். மூணு நாலு நாள் ஆகும். உறையை முதுகுப் பக்கம் மாட்டிக்கிட்டா உங்க மெஷின் கத்தாது. அதுவரைக்கும் ஆளைத் தேடுங்க. இன்னிக்கு எத்தனை வரைக்கும் வந்தீங்க?"

"நாப்பது."

"நாளைக்கு வந்து சொல்லுங்க."

நாளைக்கு வந்து சொல்லுங்க என்ற வாக்கியத்தை அவரிடம் யாரும் சொல்லி எத்தனையோ நாளாகியிருந்தது. கவுன்ட்டரில் அவர் அதைத் தினமும் பத்துப் பேருக்குச் சொன்னவர்.

ஏழாம் நாள், அறுபத்து மூன்றில் முடிகிற நம்பர். ஒரு பெண் எடுத்தாள். பின்னணியில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

"நாயா? ஆமா, இருக்கு."

"அதோட கழுத்து வில்லை எதுவும் தொலைஞ்சுதா? சிவப்பு, வட்டமா, பின்னால காலடி…"

"அட, ஆமா! ரெண்டு வருஷம் இருக்குமே. பார்க்ல விழுந்திருக்கணும். உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?"

குடை சார் எழுந்து நின்றுவிட்டார். கவுன்ட்டரில் உரியவர் வந்தால் எழுந்துதான் கொடுப்பார். "என்கிட்ட பத்திரமா இருக்கும்மா. ஆனா ஒரு விஷயம். எடுக்கும்போது என் கைத்தவறுதலால கடைசி ரெண்டு எண்ணு சேதமாயிடுச்சு. முழுப் பொறுப்பும் என்னோடது. நீங்க எப்ப வந்து வாங்கிக்கிறீங்க?"

மிக்ஸி நின்றது.

"ஐயோ சார், இதுக்குப் போயா! அன்னிக்கே புதுசு வாங்கி மாட்டியாச்சு. நாய் இங்க சோபாவுல தூங்குது. அதைத் தூக்கிப் போட்டுடுங்க."

"தூக்கிப் போடறதுன்னா… உரியவர் கையெழுத்து வேணும்."

"என்ன சார்?"

"ஒண்ணுமில்லம்மா."

"ரொம்ப தேங்க்ஸ் சார். நல்ல மனசு உங்களுக்கு." மிக்ஸி மறுபடி ஓடியது. போன் ஓய்ந்தது.

குடை சார் நின்றபடியே இருந்தார். தான் செய்த சேதத்துக்கு ஒரு வசவு வரும் என்று ஏழு நாளாகத் தயாராக இருந்தார். வசவு வந்திருந்தால் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். மன்னிப்புகூடக் கிடைக்கவில்லை. மன்னிக்க அங்கே ஒன்றுமே இல்லை என்பதுதான் கிடைத்தது. நாய் தொலையவே இல்லை. வில்லை இல்லாததை நாயோ வீட்டுக்காரர்களோ ஒரு நாளுக்குமேல் கவனிக்கவில்லை.

கொடுத்த வாக்கு ஒன்று பாக்கி இருந்தது. பதினேழுக்குப் போன் போட்டார்.

"சார், அந்த வில்லைக்கு உரியவங்க கிடைச்சுட்டாங்க. அறுபத்து மூணு."

"அப்படியா! ரொம்ப சந்தோஷம் சார். நாயி?"

"நல்லா இருக்கு. தூங்குது."

"அப்பாடா. இப்பதான் நிம்மதி." கிழவர் உண்மையிலேயே பெருமூச்சு விட்டார். கேட்பதற்கு வேறு என்ன இருக்கிறது என்று இருவருமே தேடிக்கொண்டிருந்தார்கள். "சரி சார். அவ்வளவுதானே? வச்சிடறேன்."

முதல் தடவை நாற்பது நிமிஷம். இந்தத் தடவை ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நல்ல செய்திக்கு இவ்வளவுதான் ஆயுசு என்பது குடை சாருக்குப் புதிய தகவல்.

பதினொரு மணிக்கு இரும்புக் கடைக்குப் போனார். வாசலில் குழாய் லோடு இறங்கிக்கொண்டிருந்தது. ஆட்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். கடைக்காரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தாள். மண் வாளி ஓரமாகத் தள்ளப்பட்டிருந்தது. சிவப்பு வாஷர் ஒன்று மேலாகத் தெரிந்தது. அவர் லோடு முடியும்வரை நின்றார்.

"வந்துடுச்சு சார்!" என்று அவள் உள்ளிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வந்து பிரித்தாள். படத்தில் பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. கையில் எடுத்ததும் மணிக்கட்டு அதை ஒப்புக்கொண்டது. முனையில் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்தார். குத்தவில்லை. வாளியில் சோதிக்கக்கூட இல்லை. "இதான்" என்றார்.

"ஏழு நாள் ஆராய்ச்சி, ஏழு செகண்டுல முடிஞ்சுபோச்சா?" என்று சிரித்தவள், உறையைக் காகிதத்தில் சுற்றியபடியே கேட்டாள். "அது இருக்கட்டும், ஆளு கிடைச்சுதா?"

வாளி கடைக்குள் போய்விடும். வாஷர்கள் மற்ற வாஷர்களோடு டப்பாவில் விழும். கரணையும் கிடைத்து, உரியவரும் கிடைத்துவிட்டால், நாளைக்குப் பதினொரு மணிக்கு ஒரு மனிதன் எதைச் சொல்லிக்கொண்டு இந்தக் கடைக்கு வருவான்? குடை சார் முப்பத்தொரு வருஷத்தில் ஒரு சீட்டில்கூடப் பொய் எழுதாதவர்.

"இன்னும் முப்பத்தாறு நம்பர் பாக்கி இருக்கும்மா" என்றார்.

பாக்கி இருப்பது உண்மைதான். அதனால் பொய் இன்னும் மோசமாகத் தெரிந்தது.

கடைக்காரம்மா கண்ணாடியைக் கழற்றினாள். அவர் முகத்தைக் கொஞ்சம் அதிகமாகவே பார்த்தாள். இரும்பு விற்கிறவளுக்கு எது உறுதி, எது ஒட்டு என்று சொல்லித் தர வேண்டியதில்லை.

"ஒரு நாளைக்குப் பத்தெல்லாம் எதுக்கு சார்? நாலு போதும். என்ன அவசரம்?" என்றாள். பிறகு கடை ஆளைப் பார்த்து, "அந்த வாளி அங்கேயே இருக்கட்டும். எடுக்காதே" என்று குரல் கொடுத்தாள்.

மறுநாள் காலை போன் எதுவும் செய்யவில்லை. கரணையை முதுகுப் பக்கம் மாட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போனார். வேலியோரத்தில் மெஷின் கத்தியது. குறுக்கே ஒருமுறை, நெடுக்கே ஒருமுறை வீசினார். புள்ளி கிடைத்தது. அதை அப்படியே விட்டுவிட்டு ஒரு சாண் தள்ளிக் கரணையை இறக்கினார். சுற்றிவர வெட்டி, மண்ணைக் கட்டியாக நெம்பி எடுத்து, விரலால் உதிர்த்தார். நெளிந்த சோடா மூடி ஒன்று. அதைத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கட்டியைத் திருப்பி வைத்துப் புல்லை மிதித்துச் சமன் செய்தார். காவலாளி வந்து தேடினாலும் இடம் தெரியாது.

வீட்டுக்கு வந்து, வில்லைக்குப் பக்கத்தில் மூடியை வைத்து, சீட்டு எழுதினார். 'பொருள்: சோடா மூடி ஒன்று. கிடைத்த இடம்: பூங்கா, வேலியோரம். உரியவர்: தெரியவில்லை. சேதம்:'

மூடியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நெளிவு பழையது. புதுக் கீறல் ஒன்றுகூட இல்லை. 'வரும்போதே உண்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றாகப் பத்து நிமிஷம் இருந்தது. மூடியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.